நுரை வெள்ளையாகும் வரை

ஜூன் 2

அன்பில்லாத நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. உங்கண்ணன் வாராவாரம் உன்னோடு போனில் பேசிவிட்டு, "நல்லா இருக்காளாம், வேளாவேளைக்குச் சாப்பிடறாளாம்" என்று என் காதில் விழுகிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது போதும்.

நம் பியூட்டி பார்லரை விட்டு வேறு ஊர்க் கடைக்குப் போன அன்று, "இனிமே உங்ககூடப் பேசினா என்னை என்னன்னு கேளுங்க" என்று வாசலில் நின்று கத்தினாய். "நான் மட்டும் பேசிடுவேனாக்கும்" என்று நானும் கத்தினேன். தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்துபோய் அப்படியே எழுந்துவிட்டார். அதனால் இதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதே. பேச்சு வேறு, எழுத்து வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். பாட்டு டீச்சர் ஞாபகம் இருக்கிறாளா? ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட முடி, சீப்பு உள்ளே போனால் வெளியே வராது, அவளேதான். ஜூலை ஐந்தாம் தேதி ஏதோ பெரிய மேடையாம். முடியை நேராக்கிக்கொண்டுதான் ஏறுவாளாம். நம் தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. "நீங்க பண்ணுவீங்கன்னா இங்கயே பண்ணிக்கறேன், இல்லேன்னா அங்க போயிடறேன்" என்றாள். "ஏன், நாங்க பண்ண மாட்டோமா?" என்று என் வாய் முந்திக்கொண்டது.

எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. முடியை நேராக்குகிற மருந்து என் கடைக்குள் வரவே கூடாது என்று உன்னிடம் ஒற்றைக் காலில் நின்றவளே நான்தான். ஆனால் இவள் போனால் தனியாகப் போக மாட்டாள். பாட்டு வகுப்பில் படிக்கிற பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், அத்தனை பேரும் பின்னாலேயே போவார்கள். பாதிக் கடை காலி.

அதனால் ஊரார் தலையில் கை வைப்பதற்கு முன், வீட்டில் என் தலையிலேயே போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ரிலாக்ஸர் என்று ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். உள்ளே ஒரு டப்பா க்ரீம், கையுறை, சின்னதாக ஒரு ஷாம்பூ, அதைவிடச் சின்னதாக ஒரு கண்டிஷனர், மூக்குக்கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத ஒரு தாள். வருகிற பதினாலாம் தேதி கடைக்கு விடுமுறை. அன்றைக்குத்தான்.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான். பதில் போட வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே தபால்தலை ஒட்டிய உறை ஒன்று இருக்கும். வீட்டில் சும்மா கிடந்தது.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெண்டாட்டி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு (கோபம் அப்படியேதான் இருக்கிறது),

ஐயோ அண்ணி! உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துத் தொலைத்தேன். அதற்கப்புறம் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. உங்களுக்கு என்ன ஆயிற்று? இது என்ன தலைவலித் தைலமா, எடுத்தோம் தடவினோம் என்று இருக்க? முடிக்குள்ளே புகுந்து அதன் முறுக்கையே அவிழ்க்கிற சரக்கு. அவிழ்த்த பிறகு தானாக நிற்கவும் நிற்காது. நாம்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரியாவிட்டால் முடியைத் தின்றுவிடும், அப்புறம் தோலுக்கு வரும்.

வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்? அண்ணனாலேயே ஆகாதது என்னாலா ஆகப் போகிறது? அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

தடவுவதைப் பெட்டியில் போட்டிருக்கிறபடி செய்யுங்கள். நெற்றி ஓரம், காது, பிடரி எல்லாவற்றிலும் வாஸலின் பூசிக்கொள்ளுங்கள், முதலில் ஒரு கற்றையில் மட்டும் போட்டுப் பாருங்கள், எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கழுவுவது!

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உங்கள் வெதுவெதுப்பு இல்லை, மனிதர்கள் தாங்குகிற வெதுவெதுப்பு. முதலில் ஷாம்பூ போடாமல் வெறும் தண்ணீரில் க்ரீமை முழுக்கப் போக்குங்கள். நகம் படக் கூடாது, விரல் நுனி மட்டும். காதுக்குப் பின்னால் மடிப்பு இருக்கிறதே, அங்கே ஒளிந்துகொள்ளும். பிடரியில் கீழ்வரிசை முடிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். போய்விட்டது என்று நினைக்கும்போது அங்கேதான் இருக்கும். விரலுக்கு வழவழப்புத் தெரிகிற வரை அது போகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் அந்தச் சின்ன ஷாம்பூ. அதுதான் மருந்தை நிறுத்துகிற ஷாம்பூ. நியூட்ரலைசிங் என்று மேலே போட்டிருக்கும். நம் கடையில் வழக்கமாகப் போடுகிற ஷாம்பூவைக் கொண்டுவந்து இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று ஊற்றிவிடாதீர்கள், உங்களுக்குக் கோடி புண்ணியம். போட்டதும் நுரை ரோஸ் நிறத்தில் வரும். அழகாக இருக்கிறதே என்று மயங்கி அதோடு விட்டுவிடாதீர்கள். ரோஸ் என்றால் மருந்து இன்னும் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அலசுங்கள், மறுபடி போடுங்கள், மறுபடி அலசுங்கள். நுரை வெள்ளையாகும் வரை விடாதீர்கள். வெள்ளையான பிறகும் இன்னொரு தடவை போட்டு, நுரையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து அலசினால்தான் மனம் நிம்மதியாகும்.

கடைசியில் கண்டிஷனர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, நுனியிலிருந்து மேலே போங்கள். நுனிதான் முதலில் காய்ந்து போகிறது, பாவம். பெரிய பல் சீப்பால் மெதுவாகக் கோதுங்கள். பெட்டியில் இருப்பது உங்கள் முடிக்குப் பத்தாது, இன்னொரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். ஹேர் டிரையர் பக்கமே போகாதீர்கள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கடையே மூன்று மாடி, எந்நேரமும் ஏசி. நான் இல்லாமல் ஒரு தலையும் வெளியே போகாது, தெரியுமா?

இப்படிக்கு,
உங்களோடு பேசாத
நாத்தனார்

உறைக்கு நன்றி. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். இங்கேயும் சும்மாதான் கிடந்தது.


ஜூன் 15

வாயாடிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முடியும் பெரும்பாலும் இருக்கிறது.

ஒரு கற்றையில் போட்டுப் பார் என்று எழுதினாய். கற்றை என்றால் எவ்வளவு என்று எழுதினாயா? என் தலையில் ஒரு கற்றை எடுத்தால் உன் தலை முழுவதற்கும் காணும். நடுவகிடு எடுத்து, வலது பக்கம் மொத்தத்தையும் ஒரு கற்றை என்று வைத்துக்கொண்டேன்.

தடவியதெல்லாம் ஜோராகத்தான் போனது. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை மாட்டி, சீப்பின் முதுகால் இழுத்து இழுத்துத் தடவினேன். "பாத்ரூம் கழுவற மருந்து வாசனை வருதே" என்று உங்கண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். சின்ன வயசிலிருந்து எந்தச் சீப்புக்கும் அடங்காத முடி, என் கண் முன்னால் சாதுவாகப் படுத்துக்கொண்டது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

அப்புறம் கழுவ உட்கார்ந்தோம்.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததா? ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற மனுஷன். நம் வீட்டில் மட்டும் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். தலை குளித்தாலும் அண்டாவுக்கு மேலேதான் குளிக்க வேண்டும், அந்தத் தண்ணீர் செடிக்குப் போக வேண்டும். அதே மாதிரி, ஒரு அண்டா நிறைய வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்தோம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதற்கு மேல் குனிந்துகொண்டேன். உங்கண்ணன் சொம்பால் மொண்டு ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் அண்டாவிலேயே விழுந்தது. அதையே மறுபடி மொண்டார். ஒரு சொட்டு வீணாகவில்லை.

ஷாம்பூ போட்டேன். நுரை ரோஸ். "அட, அழகா இருக்கே" என்றார். மயங்காதே என்று நீ எழுதியிருந்தாயே, நான் மயங்கவில்லை. அலசினோம். மறுபடி போட்டேன். ரோஸ். அலசினோம். மறுபடி. முன்னதைவிட நல்ல ரோஸ்!

பாட்டில் தீர்ந்துகொண்டே வருகிறது. தலை குறுகுறுக்கிறது. ஒரு முடியை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது. வேண்டுமென்றே தப்பாக எழுதிவிட்டாய் என்று உன்னைத் திட்டினேன். மறைப்பானேன்? என்னென்ன திட்டினேன் என்று மட்டும் எழுத மாட்டேன், காகிதம் பொசுங்கிவிடும்.

அப்போது உங்கண்ணன் சொம்பைக் கையில் பிடித்தபடி மெதுவாக, "ஏம்மா, தண்ணியே ரோஸா இருக்கே?" என்றார்.

பார்த்தேன். அண்டா முழுக்க ரோஸ். எந்த மருந்தைப் போக்க வேண்டுமோ அதையே மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேருமாகச் சேர்ந்து, மெனக்கெட்டு!

அடுத்து நடந்ததை நீ நம்பமாட்டாய். சொம்பை வீசி எறிந்தார். என் கையைப் பிடித்துத் தரதரவென்று தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். குழாய்க்குக் கீழே குனிய வைத்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். முழுசாக! கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. "ஓடட்டும், ஓடட்டும், ஓடினா என்ன இப்ப" என்று அவருக்கு அவரே சமாதானம் சொல்லிக்கொள்கிறார், கண் மட்டும் மீட்டர் பக்கம் போய்ப் போய் வருகிறது. மாடி வீட்டில் குடும்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் சொட்டைத் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் போட்டோம். நுரை வெள்ளையாக வந்தது. நான் அழுதேவிட்டேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று அவரிடம் சொல்லி வைத்தேன்.

அண்டாத் தண்ணீரைப் பழக்க தோஷத்தில் தக்காளிச் செடிக்கு ஊற்றிவிட்டார். அது இன்று காலையிலிருந்து தலை தொங்கி நிற்கிறது. இந்த அமளியில் கண்டிஷனர் போடவே மறந்துபோனேன். பெட்டியில் வந்தது, தனியாக வாங்கியது, இரண்டும் மூடி திறக்காமல் இருக்கிறது.

இப்போதைய நிலவரம்: தலையில் புண் இல்லை. பிடரியில் கொஞ்சம் முடி பிய்ந்து வந்துவிட்டது. வலது பக்கம் நேராக, வறண்டுபோய், விளக்குமாறு மாதிரி. இடது பக்கம் பழைய நானே. "இந்தப் பக்கம் உக்காந்தா யாரோ தெரியாத பொம்பளைகூட டீ குடிக்கிற மாதிரி இருக்கு" என்று உங்கண்ணன் இடம் மாறி மாறி உட்கார்ந்து சிரிக்கிறார். கடையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். யார் கேட்டாலும் ஜலதோஷம் என்கிறேன். இதற்கு என்ன செய்வது என்று எழுது. இந்தத் தடவை யோசனைதான் கேட்கிறேன்.

பாட்டு டீச்சரிடம் அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்கே போய்க்கொள் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். என் தலையையே எனக்குக் காப்பாற்றத் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் பாதிக் கடை காலியாகக் கிடக்கிற மாதிரியே கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தடவுவதைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறாய். கழுவுவதைப் பற்றி இரண்டு பக்கம். தண்ணீரின் சூடு, காது மடிப்பு, பிடரி, நுரை, எதையும் விடவில்லை. நானும் இத்தனை வருஷம் கடை நடத்துகிறவள். உன்னை அங்கே என்ன வேலை செய்யச் சொல்கிறார்கள்? உங்கண்ணனிடம் போனில் சொல்கிற பதில் எனக்கு வேண்டாம்.

அண்ணி


ஜூன் 19

அண்ணி,

முதலில் உங்கள் தலை. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கண்டிஷனர் போடுங்கள். போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

போட்டாயிற்றா? கஞ்சத்தனம் காட்டாமல்? நல்லது. அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு வீட்டு வேலையைப் பாருங்கள், பிறகு அலசுங்கள். இனிமேல் தலைக்குக் குளிக்கிற ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி. குழாயடியில்! நுனியை மட்டும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், அந்தத் துண்டையும் அவிழ்த்துப் போடுங்கள். வலது பக்கத்தில் இப்போதைக்கு எந்த மருந்தும் படவே கூடாது. பிய்ந்தது பிய்ந்ததுதான். மீதி தேறிவிடும், நான் சொல்கிறேன்.

அந்த அண்டா எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று! அதே அண்டாவில் தலை குளித்து வளர்ந்தவள்தானே நான்? குழாய் என்று எழுதவில்லை பாருங்கள். இங்கே குழாய் ஓடிக்கொண்டே இருப்பதில் மறந்தே போய்விட்டது. அண்ணன் குழாயைத் திறந்த இடத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். "சௌக்கியம் சார், ஒருத்தர் மட்டும் பாதி சௌக்கியம்" என்றேன்.

இனி நீங்கள் கேட்டது.

கழுவுகிறேன் அண்ணி. காலையில் வந்ததிலிருந்து கடை சாத்துகிற வரைக்கும் கழுவுகிறேன். தடவுகிறவர்கள் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு தலை என்னிடம் வரும். நான் இல்லாமல் ஒரு தலையும் வெளியே போகாது என்று எழுதினேனே, பொய்யில்லை. என் பெயரைக்கூட இங்கே யாரும் சொல்வதில்லை. "பேசின்! மூணாம் நாற்காலி!" என்று கூப்பிட்டால் நான் ஓட வேண்டும். தலை கழுவுகிற தொட்டியின் பெயர்தான் எனக்கும். நான்தான் பேசின்.

கத்தரியும் பிரஷும் பிடிக்கத்தானே உங்களிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்? அங்கே கேட்டால், "இன்னும் கை வரலை, போய்த் தலையைக் கழுவு" என்பீர்கள். இங்கே கேட்டால், "ஆள் இருக்கு, போய்த் தலையைக் கழுவு" என்கிறார்கள். அங்கே திட்டுவதற்காவது சொந்தமாக ஒரு ஆள் இருந்தது. போன மாதம் வரை ஒவ்வொரு நாளும் அழுகை வந்தது. இப்போது கோபம்தான் வருகிறது.

ஏன் தெரியுமா? எனக்குத் தெரியும் அண்ணி. யார் எங்கே தப்பாகத் தடவினார்கள் என்று கழுவும்போது என் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. இவன் பிடரியில் ஆரம்பித்து நெற்றிக்கு வருவதற்குள் பிடரி வெந்துவிட்டது. இவள் வேர் வரைக்கும் கொண்டுபோய் ஒட்டிவிட்டாள். இவர் நுனியில் அவசரப்பட்டார். அத்தனை பேருடைய தப்பும் தண்ணீரில் என் கைக்குத்தான் வருகிறது. எனக்கு ஒரே ஒரு தலை கொடுத்தால் போதும், செய்து காட்டுவேன். கொடுக்கத்தான் ஆளில்லை.

பாட்டு டீச்சரைத் துரத்திவிடாதீர்கள். வேறு யாரையாவது நல்ல கையாகக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் என்னைத் திரும்பி வரச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். வந்தால் மறுபடி அதே பேசின்தானே? ஒரு பேசினிலிருந்து இன்னொரு பேசினுக்கு வர பஸ் டிக்கெட் எதற்கு?

இவ்வளவு எழுதிவிட்டேன். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள், உடனே பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

நாத்தனார்


ஜூன் 24

அடியே,

உங்கண்ணனிடம் சொல்லவில்லை. கடிதத்தை மேஜை மேல் திறந்து வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டேன், அவ்வளவுதான். பையைத் தூக்கிவிட்டார். பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

அந்த மேனேஜரை நேரில் பார்த்தால் நான் இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். பேசினாம் பேசின். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பாத்திரத்தின் பெயர் சொல்லிக் கூப்பிட இவர்கள் யார்? படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டுவது என்றால் நான் திட்டிக்கொள்கிறேன், நடுவில் இவர்கள் எதற்கு?

முடி தேறிவிட்டது. நீ சொன்ன மாதிரியே கண்டிஷனர் போட்டு, பிளாஸ்டிக் கவர் மாட்டி, குழாயடியில் அலசினேன். மூன்றாம் தடவைக்கே வலது பக்கம் மெத்தென்று ஆகிவிட்டது. நுனியும் வெட்டிவிட்டேன். இப்போது கோதினால் சீப்பு தடுக்காமல் கீழே வருகிறது. செடிதான் தேறவில்லை. உங்கண்ணன் புதுச் செடி நட்டு, நான் அந்தப் பக்கம் போனாலே முறைக்கிறார்.

கடையில் நீ போனதிலிருந்து பேசினில் நான்தான் நிற்கிறேன். ஒரு விஷயம் சொல்கிறேன், தலைக்கனம் பிடித்து ஆடாதே. உன் கையில் தலையைக் கொடுத்தவர்கள் கண்ணை மூடித் தூங்கிவிடுவார்கள். என் கையில் ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. தண்ணீர் கொதிக்கிறது என்கிறார்கள், கழுத்து வலிக்கிறது என்கிறார்கள், காதுக்குள் ஷாம்பூ போய்விட்டது என்கிறார்கள். முந்தாநாள் ஒரு அம்மாள், "அந்தப் பொண்ணு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு, கழுவாமலே எழுந்து போய்விட்டார்.

நல்ல கையாக ஒருத்தரைக் கூப்பிடச் சொன்னாய். எனக்குத் தெரிந்த நல்ல கை ஒன்றுதான் இருக்கிறது. அது அங்கே உட்கார்ந்துகொண்டு பஸ் டிக்கெட் கணக்குப் பார்க்கிறது.

ஒரே ஒரு தலை கொடுத்தால் போதும் என்று எழுதினாய். அரைத் தலை பரவாயில்லையா? என் இடது பக்கம் அப்படியே இருக்கிறது. இப்போதே கடையில் பாதிப் பேர் வலது பக்கத்தையும் பாதிப் பேர் இடது பக்கத்தையும் பார்த்துப் பேசுகிறார்கள், இனிமேல் எனக்கு என்ன வெட்கம்? முப்பதாம் தேதிக்குள் வந்துவிடு. கடை நாற்காலியில் நான் உட்காருகிறேன், பிரஷ் உன் கையில். சரியாக வந்தால் ஐந்தாம் தேதி டீச்சர். பிய்ந்துபோனால் என் முடிதானே, வெட்டிவிட்டுக்கொண்டு இரண்டு பேருமாகச் சிரிக்கலாம். எனக்கு அதைப் பற்றிப் பயமே இல்லை. உன் கை மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லாதே.

டீச்சர் நேற்றுச் சாயங்காலம் வந்தாள். "என்ன முடிவு பண்ணீங்க? நான் அங்க சொல்லிடவா?" என்று கேட்டாள். "என் நாத்தனார் வரா. அவதான் உங்களுக்குப் பண்ணப் போறா" என்றேன்.

"யாரு, அந்தத் தலை கழுவுற பொண்ணா?" என்று இழுத்தாள்.

"இல்ல டீச்சர்," என்றேன். "இப்பல்லாம் தலை கழுவுறது நான்."

அண்ணி